படியேறும்போது பேச வேண்டும்

ஜூன் 11, இரவு

அன்புள்ள ஜன்னல் அக்காவுக்கு,

நான் கதவு. மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். குழந்தைகள் இதய வார்டில் உனக்கு ஜன்னலோரக் கட்டில், எனக்குக் கதவோரக் கட்டில். நர்சுகள் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஜன்னல் மருந்து குடிச்சாச்சா? கதவு அழுகையை நிறுத்தியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அப்போது எனக்கு நான்கு வயது, உனக்கு ஏழு. அதன்பின் வருடாவருடம் ஸ்கேன் வரிசையில் பார்த்துக்கொள்வோம். கடைசியாகப் பார்த்தபோது, "இனி எனக்குப் பெரியவங்க பிரிவு, உன்கூட எல்லாம் உட்கார முடியாது" என்று பெருமை அடித்துவிட்டு இந்த முகவரியை எழுதிக் கொடுத்தாய்.

போனில் பேசலாமே என்பாய். வீட்டில் இருப்பது அம்மாவின் போன். அதில் எதை எழுதினாலும் அம்மா படிப்பாள். இந்த விஷயம் அவளுக்குத் தெரியக்கூடாது.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. சில மாதங்களாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதலில் பையின் கனம் என்று நினைத்தேன். இப்போது பையே இல்லாமலும் வாங்குகிறது. படுத்தால் சில நேரம் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அடுத்ததை அவசரமாகப் போட்டுக்கொள்கிறது. போன வருடம் நாங்கள் வீடு மாறினோம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போய் ஸ்கேனுக்கே போகவில்லை.

எங்கள் புது வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நான் சின்னவளாக இருந்தபோது ஒரு டாக்டர் அம்மாவிடம், "படி ஏறும்போது குழந்தையால பேச முடியுதான்னு பாருங்க, பேசினா கவலைப்படாதீங்க" என்றாராம். சொன்னவர் அன்றே மறந்திருப்பார். அம்மா இன்றுவரை மறக்கவில்லை. தினமும் மாலையில் கீழே வந்து நிற்பாள். "ம், ஆரம்பி. இன்னிக்கு ஸ்கூல்ல என்ன கூத்து?" மேலே போகும்வரை நான் பேசிக்கொண்டே ஏற வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் இது.

இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? முதல் படியிலேயே நான் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன். "ஏம்மா, இன்னிக்கு ரிவர்ஸ் எடுக்க விட்டாங்களா?" அவ்வளவுதான். அம்மா பஸ் ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். "எங்கடி விட்டான்! அந்த மீசைக்காரனுக்கு மீசையில இருக்கிற தைரியம் மனசுல இல்ல. நான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கண்ணை மூடிக்கிறான்..." மூன்றாம் மாடி வரை அவளே பேசிக்கொண்டு வருவாள். நடுநடுவே "அப்புறம்?" என்று கேட்க மட்டும் எனக்கு மூச்சு போதும். மேலே வந்ததும், "பாரு, பேச்சு சுவாரசியத்துல படி ஏறினதே தெரியல" என்பாள், இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு.

என் ஆபரேஷனுக்காக வேலையை விட்டவள் அவள். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தனக்கென்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறாள். செப்டம்பரில் கடைசித் தேர்வு. நான் மறுபடி படுத்தால் மறுபடி விட்டுவிடுவாள். அது நிச்சயம்.

ஜூலை இருபதாம் தேதி பரிசோதனைக்குப் போகிறோம். அந்த நடை எந்திரத்தில் ஏற்றுவார்கள். நீதான் வார்டிலேயே கில்லாடி. மூச்சு வாங்குவது தெரியாமல் அதில் நடக்க ஒரு வழி சொல்லிக் கொடு. பதிலைப் பள்ளி நூலக முகவரிக்கு அனுப்பு. நூலக அக்கா எதையும் கேட்க மாட்டார்.

அப்பா பேக்கரிக்கு இரவு வேலைக்குப் போய்விட்டார். அம்மா தூங்குகிறாள். விளக்கு தெரியாமல் இருக்கச் சமையலறைக் கதவின் இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

உன்னையே நம்பியிருக்கும்,
கதவு


ஜூன் 18

அடி கதவு,

உன்னை மறப்பேனா? ராத்திரி முழுக்க "அம்மா அம்மா" என்று கத்தி வார்டையே எழுப்பிவிட்டு, அம்மா வந்ததும் "தண்ணி" என்று கேட்டவள்தானே நீ!

வீட்டு முகவரிக்கு வந்த உன் கடிதத்தைத் தபால்காரர் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். இப்போது பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன், மாலையில் கல்லூரி. முதலாளி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல கடிதமா? யாரும்மா அந்தப் பையன்?" என்றார். "பையன் இல்ல சார், கதவு" என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடை எந்திரத்தை ஏமாற்ற வழி கிடையாது. முகத்தில் மூடி மாட்டி மூச்சையே அளக்கிறார்கள், நீ சிரித்துக்கொண்டு நடந்தாலும் அழுதுகொண்டு நடந்தாலும் அளவு ஒன்றுதான். என் கில்லாடித்தனமெல்லாம் கசப்பு மருந்தைப் பூந்தொட்டியில் ஊற்றுகிற அளவுக்குத்தான். அந்தச் செடியும் செத்துப்போயிற்று.

உனக்கு நடப்பது என்ன என்று யாராவது சொன்னார்களா? நம் இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு, ஒரே ஆபரேஷன். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி நமக்குக் குறுகலாக இருந்தது. அதனால்தான் குழந்தையில் நீலமாக இருந்தோம். அந்த வழியை வெட்டி அகலமாக்கி, இதயச் சுவரில் இருந்த ஓட்டையையும் அடைத்தார்கள். உயிர் பிழைத்தோம். ஆனால் அகலமாக்கிய இடத்தில் இருந்த வால்வு அதற்குப்பின் சரியாக மூடாது. அனுப்பிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். வந்ததையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இதயத்தின் வலது அறை வருடக்கணக்கில் இந்த இரட்டை வேலையைச் செய்து செய்து பெரிதாகும். ஒரு கட்டத்தில் புது வால்வு வைப்பார்கள். இது உன் குற்றமும் இல்லை, உன் அம்மா குற்றமும் இல்லை. நம் ஆபரேஷனிலேயே எழுதியிருப்பதுதான்.

அதனால் அம்மாவிடம் சொல். நாளைக்கே சொல். பஸ் எங்கேயும் ஓடிவிடாது.

ஜன்னல்

பின்குறிப்பு: உன் அம்மா பஸ் ஓட்டினால் அந்த வழியில் இருக்கிற மரமெல்லாம் ஒதுங்கி நிற்கும்.


ஜூன் 27, இரவு

அன்புள்ள ஜன்னல் அக்காவுக்கு,

உன்னிடம் வழி கேட்டேன். நீ பாடம் எழுதி அனுப்பியிருக்கிறாய். டாக்டர்களிடம் கேட்டிருந்தால் அவர்களும் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

புது வால்வு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். மறுபடி நெஞ்சைத் திறப்பார்கள் இல்லையா? எனக்கு அந்த வயதில் நடந்தது பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. இருமல் வரும்போது தைத்த இடத்தில் தலையணையை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்வார்களே, அது. தூக்கத்தில் இருமல் வந்து, தலையணையைத் தேடிக் கிடைக்காமல் நான் பட்ட பாடு. இப்போதும் சளி பிடித்தால் கை தானாகத் தலையணையைத் தேடுகிறது.

நேற்று விளையாட்டு நேரத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். நான் ஒரு சுற்று முடிவதற்குள் மூன்று முறை குனிந்து லேஸ் கட்டினேன். விளையாட்டு டீச்சர் இடுப்பில் கைவைத்து, "ஏம்மா, நீ ஓட வந்தியா, லேஸ் கட்ட வந்தியா? சொல்லிட்டா உனக்கு ஒரு ஸ்டூல் போட்டுடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கவும் மூச்சு வேண்டியிருக்கிறது, அக்கா.

டீச்சருக்கு என் ஆபரேஷன் தெரியாது. புதுப் பள்ளியில் அம்மா சொல்லவில்லை. "எதுக்குச் சொல்லணும்? எல்லாம் சரியாப் போச்சு. சொன்னா உன்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஓரமா வெச்சிடுவாங்க" என்றாள். எதிர் வீட்டு அத்தையிடம், "என் பொண்ணு இப்ப குதிரை!" என்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருந்தால், நாளைக்கே சொல் என்று எழுதியிருக்க மாட்டாய்.

நீ நன்றாக இருக்கிறாய். வேலைக்குப் போகிறாய், கல்லூரிக்குப் போகிறாய். உனக்குச் சுலபம். எனக்கு ஒரே ஒரு சத்தியம் செய்து கொடு. அம்மாவிடம் நீ சொல்லக்கூடாது. அவள் நம்பர் உன் அம்மாவிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் இனி உனக்கு எழுதவே மாட்டேன்.

கோபத்துடன், ஆனாலும் அன்புடன்,
கதவு


ஜூலை 5

கதவு,

சத்தியம். நான் யாருக்கும் போன் செய்ய மாட்டேன். உன் நெஞ்சு, உன் வாய். நீதான் சொல்ல வேண்டும்.

நான் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினாறு வயதில் மேட்டுத் தெருவில் சைக்கிளை எழுந்து நின்று மிதிப்பேன். மூச்சு வாங்கியதே இல்லை. வருடாவருடம் ஸ்கேன் எடுத்தோம். ஆனால் வலது அறை நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பதால் அந்த ஸ்கேனில் அதன் அளவு சரியாகப் பிடிபடாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் சரியாகத் தெரியும். அம்மா டாக்டரிடம், "அவளுக்கு என்ன, வீட்ல கால் தரையில நிக்கிறதே இல்ல" என்று சிரிப்பாள். டாக்டரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எம்.ஆர்.ஐ. அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் என் உற்சாகத்தையே நம்பினோம்.

பெரியவர்கள் பிரிவுக்கு மாறியபோது அங்கே புது டாக்டர். வழக்கப்படி எடுத்துவிடுவோம் என்று எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார். வலது அறை இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே பெரிதாகி இருந்தது. புது வால்வு வைத்தார்கள். வால்வு பிரமாதமாக வேலை செய்கிறது. அறைதான் சுருங்கவில்லை. அது ரொம்ப காலம் இழுபட்டுவிட்டது, பழைய அளவுக்குத் திரும்ப அதற்குத் தெரியவில்லை. புது டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று தொடங்கி, என் அம்மாவைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ பேசினார்.

மாத்திரை சாப்பிடுகிறேன். சைக்கிளைத் தம்பி முறைப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால்தான் லென்ஸ் தேய்க்கிறேன். அழுது வடிகிற மாதிரி ஒன்றுமில்லை, நன்றாகவே சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன். ஆனால் உன் முதல் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பொறாமை. உனக்கு மூச்சு வாங்குகிறது என்று பொறாமை. உன் நெஞ்சு உன்னைக் கூப்பிட்டுச் சொல்கிறது. என்னுடையது ஒரு வார்த்தை சொல்லவில்லை, அமுக்கமாக இருந்து கெடுத்துவிட்டது. எனக்கு மட்டும் அப்படி மூச்சு வாங்கியிருந்தால், முழுத் தெருவும் கேட்கும்படி கத்தியிருப்பேன்.

உன் அம்மா பஸ் ஓட்டத்தான் வேண்டும். அவள் பஸ்ஸில் ஏற நீ இருக்க வேண்டாமா?

ஜன்னல்


ஜூலை 21, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. பதில் எழுத வரவில்லை. நேற்று பரிசோதனை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டாக்டர் வழக்கம்போல ஃபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "எப்படி இருக்கா? ஓட்டம், படி ஏறுறது, எல்லாம்?"

"சூப்பரா இருக்கா டாக்டர். மூணு மாடி, பேசிக்கிட்டே ஏறுவா" என்றாள் அம்மா.

டாக்டர் எழுதப் போனார். அவர் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "நான் பேசல டாக்டர்" என்றேன். என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "அம்மாதான் பேசுவாங்க. நான் கேட்டுக்கிட்டு வருவேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். படி, லேஸ், படுக்கும்போது தவறும் துடிப்பு. அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு நடை எந்திரம். நீ சொன்னது உண்மை, ஒன்றையும் மறைக்க முடியாது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். அம்மா எப்போதும் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, அவர் கியர் மாற்றுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவாள். நேற்று கடைசி இருக்கைக்குப் போனாள். நாலைந்து நிறுத்தம் தாண்டியபின் கேட்டாள், "எப்பலேர்ந்து?"

"புது வருஷத்துலேர்ந்து."

"நான்தான் பேசிட்டு வந்தேனா இவ்ளோ நாளா?"

"ம்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தினம் வந்து கேட்டியே, ரிவர்ஸ் எடுத்தியா, பிரேக் புடிச்சியான்னு. இந்த வீட்ல அதைக் கேக்குறதுக்கு ஒருத்தியாவது இருக்கான்னு நெனச்சேன்டி."

அக்கா, டாக்டர் சொன்ன எதற்கும் நான் அழவில்லை. அதற்கு அழுதுவிட்டேன். "மறைக்கவும்தான் கேட்டேன், தெரிஞ்சுக்கவும்தான்மா கேட்டேன். ரெண்டும்தான்" என்றேன்.

"பொய் சொல்லாத."

"நிஜமா."

"அப்படின்னா சொல்லு பார்ப்போம். மீசைக்காரன் ஏன் கையை வெளிய நீட்டி சிக்னல் காட்ட மாட்டேங்குறான்?"

"ஒரு தடவை நீட்டினப்ப அவர் மோதிரம் கழண்டு விழுந்துடுச்சு. பொண்டாட்டி ஒரு வாரம் பேசல."

"வளைவுல என்னை என்னன்னு திட்டினான்?"

"வளைவுன்னா வளையணும், அது உன் மாமியார் இல்ல, முறைச்சுக்கிட்டுப் போறதுக்குன்னு."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது நிற்க ரொம்ப நேரம் ஆனது. இறங்கும்போது சொன்னாள், "டிரெயினிங்க விட மாட்டேன். வேணும்னா லீவு போடுவேன். ரெண்டும் வேற வேற, தெரியுதா? எனக்காக இனிமே நீ எதையும் மறைச்சுப் பெரிய மனுஷி ஆக வேணாம்."

நாம் எழுதிக்கொள்வதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி வீட்டு முகவரிக்கே எழுதலாம். ஆனாலும் இதை இரவில்தான் எழுதுகிறேன். பயம் இன்னும் போகவில்லை. எம்.ஆர்.ஐ.யில் எனக்கும் நேரம் கடந்துவிட்டது என்று வந்தால்?

உன் தங்கை,
கதவு


ஆகஸ்ட் 2

அடி தைரியசாலி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினேன். முதலாளி, "கதவு என்ன சொல்லுது?" என்றார். "திறந்துடுச்சு சார்" என்றேன்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் சுத்தியலால் தகரத்தை அடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். மூச்சை அடக்கச் சொல்வார்கள், விடச் சொல்வார்கள், மறுபடி அடக்கச் சொல்வார்கள். நாத்தனார் அதிகாரம் மாதிரி இருக்கும், கண்டுகொள்ளாதே. வலிக்காது.

நேரம் கடந்துவிட்டதா என்று நீயும் நானும் ராத்திரி விழித்திருந்து கண்டுபிடிக்க முடியாது. தூங்கு. தெரிந்ததும் எழுது.

ஜன்னல்


செப்டம்பர் 14, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. வலது அறை பெரிதாகித்தான் இருக்கிறது. ஆனால் திரும்ப முடியாத கோட்டைத் தாண்டவில்லை, ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்றார் டாக்டர். இப்போதே வால்வு வைத்தால் சுருங்க வாய்ப்பு உண்டு. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். அக்டோபரில் ஆபரேஷன்.

அம்மா பாஸ். மீசைக்காரரே கை கொடுத்தாராம், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு. வேலையில் சேர ஜனவரி வரை அவகாசம் வாங்கியிருக்கிறாள். அப்பா பேக்கரியிலிருந்து பெரிய கேக் கொண்டுவந்தார். அதன்மேல் க்ரீமில் பஸ் வரைந்திருந்தார். பார்க்கச் சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது. அம்மா சக்கரத்தை முதலில் தின்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். தலையணையை இப்போதே பையில் வைத்துவிட்டேன்.

கதவு


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா உன் அம்மாவுக்குப் போனில் சொல்லியிருப்பாள். பிறகு பள்ளிப் பாடம் நிறையச் சேர்ந்துவிட்டது. போன வாரம் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பரவாயில்லை என்றார்கள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. இங்கே வெயில் அதிகம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
கதவு


மே 6

கதவு,

பரவாயில்லையா? அது என்ன அளவு? கிலோவா, லிட்டரா?

நாலு வரி. வெயிலைப் பற்றி ஒரு வரி. வெயிலைப் பற்றித் தெரிந்துகொள்ளவா நான் அக்டோபரிலிருந்து தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? நீ எழுதாத ஒவ்வொரு வாரமும் மோசமான செய்திதான் மனதில் வந்தது. உன் அம்மா சொன்னது ஆபரேஷன் வரைக்கும்தான். அறை சுருங்கியதா இல்லையா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது எனக்கு எப்படிப்பட்ட கேள்வி என்று உனக்குத் தெரியும்.

தெரியும் என்பதால்தான் எழுதவில்லை, இல்லையா? யோசித்துப் பார்த்ததில் புரிந்துவிட்டது. உனக்குச் சுருங்கிவிட்டது. அதைச் சொன்னால் எனக்கு வலிக்கும் என்று நீயாகவே முடிவு செய்து, வெயில் அதிகம் என்று எழுதிவிட்டாய். உன் அம்மாவுக்குக் காட்டினாயே, அதேபோல் எனக்கும் நல்ல பிள்ளையாகப் படியேறிக் காட்டுகிறாய்.

கேட்டுக்கொள். எனக்கு வலிக்கும். ஒரு நாள் வலிக்கும், ஒருவேளை இரண்டு நாள். அதைத் தாங்குவேன். ஆனால் எனக்கு நடக்காத நல்லது உனக்கு நடந்திருக்கும்போது, அதைக் கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை என்று ஆக்கிவிடாதே. அந்தச் செய்தியில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

முழுதாக எழுது. சின்னதாக்கி எழுதினால் கிழித்துப் போடுவேன்.

ஜன்னல்


மே 12, பகல்

என் அன்பான அக்காவுக்கு,

சுருங்கிவிட்டது.

ஏறக்குறைய இருக்க வேண்டிய அளவுக்கே வந்துவிட்டது. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் வலது அறை ஊதிய பலூன் மாதிரி இடது அறையை ஓரத்தில் தள்ளிக்கொண்டு கிடக்கிறது. புதியதில் தன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது, ஒவ்வொரு முறையும் நன்றாகச் சுருங்கி விரிகிறது. அம்மா நம்பவில்லை. "இது இவளோடதுதானா? வேற யாரோடதாவது மாத்தி வெச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். டாக்டர் பெயரையும் தேதியையும் காட்டிய பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு இப்போது மூச்சு வாங்குவதில்லை. போன வாரம் மைதானத்தை இரண்டு சுற்று ஓடினேன். விளையாட்டு டீச்சருக்கு இப்போது எல்லாம் தெரியும். ஓடி முடித்ததும் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நீ கண்டுபிடித்தது சரிதான். அந்த இரண்டு படங்களையும் பார்த்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உனக்கும் யாரோ இதே மாதிரி இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பார்கள், இரண்டும் ஒரே மாதிரி இருந்திருக்கும். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இந்தச் செய்தியைப் பல முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் வெயிலைப் பற்றி எழுதினேன்.

இன்னொன்றையும் நேற்றுத்தான் கவனித்தேன். உன் ஜூலைக் கடிதத்தில் உன்னைப் பற்றி அவ்வளவும் எழுதியிருந்தாய். அதற்கு நான் எழுதிய பதிலில் என் கதை மட்டும்தான் இருக்கிறது. அதன்பிறகும் அப்படித்தான். மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, டாக்டர் இப்போது என்ன சொல்கிறார், இரவில் தூங்குகிறாயா என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு எப்படி இருக்கிறது, அக்கா? நீயும் சின்னதாக்கிச் சொல்லக்கூடாது.

எழுத்தில் வேண்டாம். நேரில் சொல். அம்மாவுக்கு இந்தச் சனிக்கிழமை விடுமுறை. உன் ஊருக்கு வருகிறோம். பஸ்ஸில்தான், ஆனால் ஓட்டுவது வேறு யாரோ. அதனால் வழி முழுக்க அவரை அம்மா குறை சொல்லிக்கொண்டு வருவாள், நான் கேட்டுக்கொண்டு வருவேன். உன் கடை சாத்தும் நேரத்துக்கு வாசலில் நிற்பேன். உன் முதலாளிக்குக் கதவு எப்படி இருக்கும் என்று காட்டு.

அங்கேயிருந்து உன் வீட்டுக்கு நடந்தே போகலாம். மேட்டுத் தெருவில் நீ இப்போது மெதுவாகத்தான் ஏறுவாய் என்று உன் அம்மா சொன்னாளாம். எனக்காக வேகமாக நடந்து காட்டாதே. நடுவில் நிற்க வேண்டும் என்றால் நிற்போம், எத்தனை முறை வேண்டுமானாலும். மெதுவாக நடப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஒரு வருடம் பழகியிருக்கிறேன்.

சனிக்கிழமை வரை,
உன் கதவு